சீசன் டிக்கெட் விற்பனை: திங்கள் காலை 9.05

1

சென்ற மாதம் நான் வேலை பார்க்கும் நீச்சல் குளத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். கோடைகால சீசன் டிக்கெட் விற்பனை திங்கட்கிழமை காலை 9.05 மணிக்குத் தொடங்கும் என்று அதில் இருந்தது. பின்னால் இரண்டு பெண்கள் நின்று வாசித்தார்கள். ஒருத்தி ஊருக்குப் புதியவள் போலிருக்கிறது.

"அதென்ன ஒன்பது ஐந்து? ஒன்பது என்று வைத்தால் ஆகாதா?" என்று கேட்டாள்.

"இங்கே எப்போதும் அப்படித்தான். பழைய வழக்கம்" என்றாள் மற்றவள்.

அந்தப் பழைய வழக்கத்துக்கு வயது நான்கு. அதைத் தொடங்கி வைத்தவன் நான். கிழக்குத் தாம்பரத்துக்காரன். இது தெரிந்தவர்கள் இந்த ஊரில் அன்றைக்கு இரண்டே பேர்தான். இரண்டு பேரும் என் வீட்டில் இருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் ஒட்டுநாடாவின் நுனியை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே நன்றாக ஒட்டித்தான் இருந்தது.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் மனைவி எஸ்தர் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது. எங்களுக்கு விசா கிடைத்தது. விண்ணப்பத்தில் என் பெயருக்கு நேரே 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் மகள் ப்ளெஸிக்கும் அதே சொல்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது, எனக்கு நாற்பத்திரண்டு. அரசாங்கத்தின் கண்ணில் இருவரும் ஒரே ரகம்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவன். பாரிமுனையில் மொத்த விலைக் காகிதக் கடையில் இருபது வருடம் பில் போட்டேன். அதிகம் பேசவேண்டாத வேலை என்பதால்தான் அவ்வளவு காலம் இருந்தேன். இங்கே முதலில் நகராட்சி நீச்சல் குளத்தில் உடை மாற்றும் அறைகளைக் கழுவும் வேலை. அங்கேயும் பேச வேண்டியதில்லை. பிறகு முன்மேசையில் உட்காரவைத்தார்கள். அங்கே பேசுவதைத் தவிர வேறு வேலையே இல்லை.

2

உட்காரவைத்தவர் மாரீன். குளத்தின் மேலாளர். அறுபதைத் தொட்டவர், மூக்குக் கண்ணாடியை ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நம் ஊரில் 'கண்ணு' என்பதுபோல ஒரு சொல் இந்தப் பக்கத்தில் உண்டு. மேயரிலிருந்து குழாய் ரிப்பேர்க்காரர் வரை எல்லாரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஜெபராஜ் என்ற என் பெயரை முதல் நாளே ஜெப் என்று வெட்டி, நிம்மதியடைந்தார்.

குளம் திறந்தவெளியில் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும். அந்த ஐந்து மாதமும் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து நீந்த ஒரே டிக்கெட், அதுதான் சீசன் டிக்கெட். குளம் சிறியது என்பதால் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆகவே ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை விற்பனை திறந்தால் அன்றே தீர்ந்துவிடும்.

விற்பதெல்லாம் கணினியில், ஒரு மென்பொருளில். நகராட்சியின் எல்லா விளையாட்டு அரங்குகளுக்கும் அதே மென்பொருள். ஒவ்வொரு வருடமும் டிக்கெட்டைப் புதிதாக அதற்குள் உருவாக்க வேண்டும். பெயர் என்ன, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும், பெரியவருக்கு, மூத்த குடிமகனுக்கு, குடும்பத்துக்கு என்று எத்தனை பிரிவு, குடும்பம் என்றால் எத்தனை பேர், புகைப்படம் வேண்டுமா, எந்த நாளில் எத்தனை மணிக்கு விற்பனை திறக்கவேண்டும். ஒரு கட்டத்தை நிரப்பினால் அடுத்து மூன்று கட்டம் முளைக்கும். ஒன்றை விட்டுவிட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும், ஆனால் எதை விட்டோம் என்று சொல்லாது. இதனால் அந்த வேலையைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. நானும் முன்வரவில்லை. முன்வராதவர்களில் நான்தான் சத்தமில்லாமல் நின்றேன்.

"ஜெப், நீதான் பொறுமைசாலி" என்றார் மாரீன். "இதைச் சரியாகச் செய்துவிடு. இந்த வருடம் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதுகிறேன்."

அது எனக்குச் சாதாரண விஷயமில்லை. அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தேன். நாளைக்கு உண்டா என்று தெரியாத என் சம்பளத்தை நம்பி எஸ்தரால் இரவுப் பணியை விடமுடியவில்லை. நான்கு வருடமாக இரவுப் பணிதான். அவள் வீட்டுக்குள் வரும்போது ப்ளெஸி பள்ளிக்குக் கிளம்புவாள். தாயும் மகளும் வாசல் மிதியடியில் சந்தித்துக்கொள்வார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்ற, ஒருத்தி மாட்ட. நான் நிரந்தரமானால் எஸ்தர் பகலுக்கு மாறலாம். மாறினால் ப்ளெஸிக்கு அம்மா இருப்பாள். எல்லாம் அந்தச் சிவப்பு எழுத்தின் கையில் இருந்தது.

3

சீசன் டிக்கெட் எனக்குப் புதிதில்லை. தாம்பரத்தில் சீசன் என்றால் மின்சார ரயில் சீசன். தாம்பரம், பீச். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவுண்டரில் வரிசையில் நின்று புதுப்பிப்பேன். கையில் அது இருந்தால் ஒரு ராஜநடை வந்துவிடும். வரிசையில் நிற்பவர்களைத் தாண்டி, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தபடி, நேரே பிளாட்பாரத்துக்குப் போகலாம்.

கல்யாணமான புதிதில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு சீசன் வாங்கிவிட்டேன். அந்த நேரம் வேண்டாம் என்று அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் ஜெமிமா, என்னைவிட ஏழு வயது மூத்தவள். பம்மலில் இருக்கிறாள். பள்ளி ஆசிரியை. ஞாயிறு காலையில் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பாள். அவள் வீட்டுக் கூடத்தில் இரண்டு காலண்டர்கள் உண்டு. ஒன்று சபை காலண்டர், அதில் தினம் ஒரு வசனம். இன்னொன்று மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர், அதில் ராகுகாலம், எமகண்டம். இரண்டும் ஒரே ஆணியில் தொங்கும். மேலே வசனம், அடியில் ராகு. தூக்கிப் பார்க்க விரல் நுனி போதும்.

"நமக்கு அதெல்லாம் இல்லதான்டா" என்பாள். "இருந்தாலும் எதுக்கு வம்பு?"

நான் எட்டு மணிக்கு வாங்கிய சீசன் வியாழக்கிழமை காணாமல் போனது. சைதாப்பேட்டை தாண்டியபோதுதான் பை காலியாக இருப்பது தெரிந்தது. எதிரே கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். பழக்கிடங்கில் வேலை, தினமும் என்னோடு வருபவர்.

"இன்னா மச்சான், மொகம் இப்டி கீது?"

"சீசன காணோம்ணா."

"அய்ய, பேஜாரா பூட்ச்சே. ஃபோர்ட்டுல செக்கிங் நின்னுகினு இருப்பான். நீ அங்க எறங்காத. நேரா பீச்சுக்கு வா. பீச்சுல ஒருத்தனும் இருக்கமாட்டான். நான் கேரண்டி."

பீச்சில் நான்கு பேர் இருந்தார்கள். கன்னியப்பன் தன் சீசனைக் காட்டிவிட்டு, என்னைத் தெரியாதவர்போல நடந்து போனார். அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அக்கா எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக் காலண்டர் இருந்த திசையை மட்டும் ஒரு முறை பார்த்தாள்.

இதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அது அலுவலக நேரம் போன்றது. அத்தான் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கியபோது பத்திரப் பதிவுக்கு நானும் போனேன். வெள்ளிக்கிழமை. பத்தே முக்காலுக்கு டோக்கனைக் கூப்பிட்டார்கள். அத்தான் சபையில் மூப்பர். எழுந்து ஜெபம் செய்தால் ஃபேன் சத்தம் அடங்கிவிடும். அவர் அப்போது கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டிருந்தார், காது கேளாதவர்போல. அடுத்த டோக்கன் கூப்பிட்டார்கள். ஒருவரும் எழவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. கூடம் நிறைய ஆட்கள், எல்லாச் சாதியும் மதமும், எல்லாரும் எதையோ மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பன்னெண்டு வர யாரும் வரமாட்டீங்கன்னு தெரியும் சார்" என்றார் எழுத்தர். "கூப்புடணும்னு ரூல். கூப்ட்டேன். நான் போய் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடத்தில் அங்கே ஏற்பட்ட தள்ளுமுள்ளில் அத்தானின் செருப்பு அறுந்தது.

4

நான்கு வருடம் முந்தைய அந்த ஏப்ரலுக்கு வருகிறேன். மூன்று வாரம் போராடி டிக்கெட்டை உருவாக்கி முடித்தேன். அதற்கு முந்தைய வருடம்போலவே திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு விற்பனை என்று மாரீன் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படியே போட்டேன். சுவரொட்டியிலும் எட்டு.

முந்தின நாள் ஞாயிறு. காலையில் ஆராதனை, நற்கருணை. மதியம் வேலை. இரண்டு மணிக்கு அக்கா வழக்கம்போல வாட்ஸாப்பில் கூப்பிட்டாள். வாய் சும்மா இருக்காமல் நாளைக்கு விற்பனை என்று சொல்லிவிட்டேன்.

"எத்தன மணிக்குடா?"

"எட்டு."

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. வசனத்தைத் தூக்குகிறாள்.

"டேய் ஜெபா. திங்கக்கெழம ஏழரை டு ஒம்பது."

"அக்கா, இது இங்கிலாந்து."

"இங்கிலாந்துல திங்கக்கெழம கெடயாதா?"

"கோடைக்குக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வச்சிருக்காங்கக்கா. எந்த ஏழரைன்னு நான் கணக்குப் பண்றது?"

அக்கா யோசித்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்: "நீ எந்தக் கடிகாரத்தப் பாத்து வேலைக்குப் போறியோ, அந்தக் கடிகாரந்தான். நமக்கு அதெல்லாம் இல்லதான்டா. ஆனா பெர்மனென்ட் ஆகப்போற நேரம். எஸ்தர் பாவம், ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கிறா. எதுக்கு வம்பு? ஒம்பதுக்கு வையி. ஒம்பதுக்குக் கூட வேணாம், கடிகாரம் முன்னபின்ன இருக்கும். ஒரு அஞ்சு நிமிஷம் விட்டு வையி."

மாரீனைக் கேட்டிருக்கலாம். அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து என்னவென்று கேட்பது? ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டத்தில் 8.00 என்பதை அழித்துவிட்டு 9.05 என்று அடித்தேன். ஞாயிறு ராகுகாலம் நாலரைக்கு என்பதால் நாலு இருபதுக்கே அதையும் முடித்துவிட்டேன். சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. சுவரொட்டி மட்டும் சுவரில் எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது என் நினைவுக்கு வரவேயில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு நினைவு வந்தது. முன்கூடத்தில் பதினைந்து இருபது பேர் போனைப் பிடித்தபடி நின்றார்கள். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற காலை நீச்சல்காரர்கள். வருடாவருடம் எட்டு மணிக்குக் கூட்டமாக வந்து, எட்டேகாலுக்குள் பெரும்பங்கு டிக்கெட்டை எடுத்துவிட்டு, சேர்ந்து காபி குடிக்கப் போவார்கள். அவர்களின் தலைவர் க்ளைவ் மேசைக்கு வந்தார்.

"ஜெப், இன்னும் விற்பனைக்கு வரவில்லை என்கிறதே?"

"ஒன்பது ஐந்துக்கு, சார்."

"சுவரில் எட்டு என்று இருக்கிறது."

"ஆமாம், சார்."

"அப்படியானால் எது சரி?"

"ஒன்பது ஐந்து, சார்."

"ஏன்?"

அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

மாரீன் தலைமை அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். அவர் வர பத்து மணி ஆகும். மென்பொருளைத் திறந்து நேரத்தை மாற்ற எனக்கு அரை நிமிடம் போதும். கை மவுஸின் மேல்தான் இருந்தது. ஆனால் மணி எட்டு பத்து. நட்ட நடு ராகுகாலம். அதில் உட்கார்ந்து ஒன்றை மாற்றுவது, அதில் ஒன்றைத் தொடங்குவதைவிட மோசமில்லையா? இதற்கு அக்காவிடம்தான் விளக்கம் கேட்கவேண்டும். அவள் அப்போது வகுப்பில் இருப்பாள்.

எட்டரைக்கு நீச்சல்காரர்கள் கோபமாகக் காபிக்குப் போனார்கள். சிலர் நாயை நடத்திச் செல்லப் போனார்கள். ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாய்மார்களும் தகப்பன்மார்களும் வீடு திரும்பியிருப்பார்கள் போல. ஒன்பது ஐந்துக்கு விற்பனை திறந்தது. ஒன்பதே முக்காலுக்குத் தீர்ந்தது. அதில் பெரும்பாலும் குடும்ப டிக்கெட். க்ளைவின் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இல்லை.

5

புகார்க் கடிதங்கள் வந்தன. ஒருவர் தன் நாயின் மனநிலை பாதிக்கப்பட்டதையும் அதில் சேர்த்திருந்தார். அறிவித்த நேரத்தை மாற்றியது யார், ஏன் என்று ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று தலைமை அலுவலகம் மாரீனைக் கேட்டது. என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

எஸ்தரிடம் சாயங்காலம் சொன்னேன். அவள் பணிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு அப்படியே நின்றது.

"ஏங்க, ஞாயித்துக்கெழம காலையில நற்கருணை எடுத்துட்டு, மத்தியானம் ராகுகாலம் பாத்தீங்களா?"

"அக்கா சொன்னா."

"அக்கா சொன்னா! இவ்வளவு வருஷமா நானுந்தான் எவ்வளவோ சொல்றேன். பாத்ரூம் பல்ப மாத்துங்கன்னு சொல்றேன். எந்தக் காலம் பாத்து மாத்தப் போறீங்க?"

ப்ளெஸி சோபாவில் இருந்து எட்டிப் பார்த்தாள். அப்போது பதின்மூன்று வயது. தமிழ் புரியும், பேசினால் நடுவில் வண்டி நிற்கும்.

"டைப்போன்னு சொல்லுங்கப்பா. எல்லாரும் அதான் சொல்வாங்க. ராகுகாலம்னா என்ன?"

"ராகுன்னு ஒரு பாம்பு. சூரியன முழுங்கும். அதோட நேரம் அது."

"ஸோ, அது ஸ்னேக்கா, டைமா?"

ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் வந்தவன், ஒரு நல்ல வேலையைப் பணயம் வைத்த விஷயம் பாம்பா நேரமா என்று சொல்லத் தெரியாமல் நின்றேன்.

எஸ்தர் சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடி, "ஆகஸ்ட்ல டே ட்யூட்டிக்குப் பேர் குடுக்கலாம்னு ஃபார்ம் வாங்கி வச்சிருந்தேன்" என்றாள். "சரி. இருக்கட்டும்." கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மாரீன் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதல்முறையாக அந்த அறையின் கதவை மூடியதைப் பார்த்தேன்.

"ஏன் ஒன்பது ஐந்து, கண்ணு?"

சொல்லத்தான் போனேன். வாக்கியத்தை வழியில் ஆங்கிலத்தில் கட்டிப் பார்த்திருந்தேன். 'திங்கட்கிழமை காலையில் ஒரு பாம்பு' என்று அது தொடங்கியது. அதற்குமேல் கட்ட வரவில்லை. டைப்போ என்று சொல்லவும் வாய் எழவில்லை. எட்டை அடிக்கப்போய் ஒருவன் ஒன்பது ஐந்தை அடித்துவிட முடியுமா? மாரீன் கண்ணாடியைக் கயிற்றிலிருந்து தூக்கி மூக்கில் வைத்து, கணினிப் பக்கம் திரும்பினார்.

"பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடும் பெற்றோருக்கு எட்டு மணி எப்போதும் வசதிப்படவில்லை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினார். "ஆகவே அவர்களுக்கும் சமவாய்ப்புக் கிடைக்கும்படி, நேரத்தை மாற்றும்படி நான்தான் ஜெப்பிடம் சொன்னேன். சுவரொட்டியை மாற்ற மறந்தது என் தவறு." என் பக்கம் திரும்பி, "எழுத்துப்பிழை இருக்கிறதா பார்" என்றார்.

எழுத்துப்பிழை இல்லை. உண்மைதான் இல்லை.

6

அந்தக் கடிதம் மேலே போயிற்று. மேலே இருந்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. முதல்முறையாகச் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நிறைய சீசன் டிக்கெட் வாங்கியிருப்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். இனி ஒவ்வொரு வருடமும் திங்கள் 9.05 என்று உத்தரவு வந்தது. அடுத்த வருடம் மற்றக் குளங்களுக்கும் அதே நேரம். 'எல்லாரையும் உள்ளடக்கும் சிந்தனைக்காக' என்று அச்சடித்து எனக்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். என் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஜூனில் நிரந்தர உத்தரவு. ஆகஸ்டில் எஸ்தர் பகல் பணிக்கு மாறினாள். க்ளைவ் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை, மூன்றாம் மாதம் வானிலையைப் பற்றிப் பேசினார். அது மன்னிப்பு என்று இங்கே பொருள்.

சான்றிதழைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "பாத்தியா" என்று ஒரே சொல் பதில் வந்தது.

போன வருடம் விடுமுறைக்குத் தாம்பரம் போயிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை பம்மலில் அக்கா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், மணி எட்டு. அக்கா ஒரு கையில் கரண்டியோடு மறுகையில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ற?"

"ஒங்க அத்தானுக்கு சீசன் போடுறேன்டா. ஆப்லயே வந்துடுது இப்பல்லாம்."

"இன்னிக்குத் திங்கக்கெழம. மணி எட்டு."

"ஆப்ல எடுத்தா ராகுகாலம் கெடயாது" என்றாள் அக்கா, தட்டில் இன்னொரு இட்லியை வைத்தபடி. "கவுண்டர்ல போய் நின்னு வாங்குனாத்தான்."

நானும் கணினியில்தானே விற்றேன் என்று கேட்க நினைத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்தச் சலுகை எப்போது அமலுக்கு வந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சலுகைகள் மேலும் இருந்தன. சென்ற இலையுதிர்காலத்தில் ப்ளெஸிக்குக் கார் ஓட்டும் தேர்வு. பதினேழு வயதாகிவிட்டது. இப்போதெல்லாம் தமிழில் நான் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், அதுவும் பாதி நேரம் தோள்பட்டையால். அவள் முந்தின நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, வியாழக்கிழம அந்த ஸ்னேக் எத்தன மணிக்கு?"

"ஒன்றரையிலிருந்து மூணு. ஏன்?"

"நத்திங்."

தேர்வு மதியம் ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு. நேரத்தை மாற்ற முடியாது. போய்த் தேறிவிட்டு வந்தாள். அக்காவிடம் சொன்னேன். "அவளுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுடா" என்றாள் அக்கா. "அவள ராகு எப்படிப் புடிப்பான்?" எனக்கும் அதே பாஸ்போர்ட்தான். என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

7

மாரீன் இந்த மாதம் ஓய்வு பெற்றார். பிரிவு விழா செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் குளத்துச் சிற்றுண்டிச் சாலையில். இடத்தை மென்பொருளில் பதிவு செய்தவன் நான்தான். செவ்வாய் மூன்று முதல் நாலரை என்னவென்று எனக்குத் தெரியும். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டேன். கொடுத்த நேரத்தையே அடித்தேன்.

கேக் வெட்டினார்கள். க்ளைவ் பேசினார், இந்த ஊரின் நெடுங்காலப் பாரம்பரியமான 9.05 விற்பனையைப் பற்றி ஒரு நகைச்சுவையும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் காகிதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் கலைந்த பிறகு, மாரீன் ஒரு அட்டைப் பெட்டியும் ஒரு சிறு செடியுமாக முன்மேசைக்கு வந்தார். ஊழியர் அட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"இனி நான் இலவசமாக நீந்த முடியாது. யாரோ ஒருவர் தன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராமே? அதை எனக்கு விற்றுவிடு. மூத்த குடிமகள் பிரிவில் போடு, சிரிக்காதே."

பக்கத்தைத் திறந்தேன். பெயரை அடித்தேன். அவர் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஜெப், இன்றோடு நான் உன் மேலாளர் இல்லை. இப்போது சொல். ஏன் ஒன்பது ஐந்து? பள்ளிக்குக் கொண்டுவிடுவது இல்லை, அது எனக்குத் தெரியும். உன் மகள் அப்போதே தனியாகத்தான் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள்."

நான்கு வருடமாக அந்த வாக்கியம் எனக்குள் இருந்தது. பாம்பை எடுத்துவிட்டுச் சொன்னேன். கிழமைக்கு ஒரு நேரம் உண்டு, ஒன்றரை மணி நேரம், அதில் எதையும் தொடங்கமாட்டோம். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது. எனக்கு அந்த வேலை மிகவும் வேண்டியிருந்தது. அக்கா போன் செய்தாள். ஐந்து நிமிடம் கடிகாரத்துக்காக. எனக்கு நிஜமாக அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. நீங்கள் எனக்காகப் பொய் எழுதினீர்கள், அதற்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. ஒன்பது வருடத்தில் இந்த ஊரில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

மாரீன் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

"செவ்வாய்க்கிழமைக்கு எப்போது?"

"மூன்று முதல் நாலரை."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு இருபத்திரண்டு. என் விரல் 'விற்பனையை முடி' என்ற பொத்தானின் மேல் இருந்தது.

"நிறுத்து" என்றார்.

செடியை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கண்ணு. ஆனால் எதற்கு வீண் வம்பு?" ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பம்மலிலிருந்து கேட்டது.

ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஓய்வில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியாது, கொஞ்சம் பயமாக இருக்கிறது என்றார். வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காலையில் நீந்த வருவேன், நீ இருப்பாய் அல்லவா என்றார். இருப்பேன் என்றேன். நிரந்தரம்தானே.

நாலு முப்பத்தொன்றுக்குப் பொத்தானை அழுத்தினேன். ரசீது வந்தது. அதன் அடியில் நேரம் அச்சாகியிருந்தது. மாரீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை வாசித்தார், நான்காக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார்.

"அக்காவிடம் சொல்லிவிடு" என்றார்.